ஓதுவது வேறு, உரைப்பது வேறு

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை முறஜபம் என்னும் வேதம் ஓதும் சடங்கு நடக்கிறது. எட்டு நாள் ஓதுவது ஒரு முறை. அப்படி ஏழு முறை, மொத்தம் 56 நாள். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில், 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கிய வழக்கம் இது. 2019 நவம்பரில் ஆரம்பித்த முறஜபம் 2020 ஜனவரி 15 அன்று லட்சதீபத்தோடு நிறைவடைந்தது. அந்தக் கோயில் உள்ள கோட்டைப் பகுதியிலிருந்து சற்றுத் தள்ளி, கரமனை ஆற்றை ஒட்டி, சத்தியவாகீசுவரர் கோயில் இருக்கும் பகுதியில் தமிழ் அக்ரகாரத் தெருக்கள் உண்டு. வேதமும் பஜனைப் பாட்டும் அங்கே காதால் கேட்டு வாயால் சொல்லித் தலைமுறைகளைக் கடந்தவை. நீலகண்ட சிவனின் (1839–1900) கீர்த்தனைகளை இன்றும் பாடிக்கொண்டிருக்கும் இடம் கரமனை. நகுலனின் ‘நினைவுப்பாதை’, நீல பத்மநாபனின் ‘பள்ளிகொண்டபுரம்’ ஆகிய தமிழ் நாவல்கள் பிறந்ததும் இதே நகரத்தில்தான். ‘பள்ளிகொண்டபுரம்’ நாவலின் நாயகர் அனந்தன் நாயர் இந்த ஊரின் தெருக்களில் அலைகிறார். போகும் இடமெல்லாம் கடந்துபோன வாழ்க்கையின் ஏதோ ஒரு பகுதியைக் கிளறிவிடுகிறது. கோயிலில் ஓதுபவரின் நினைவில் ஓர் எழுத்துகூட இடம் மாறக் கூடாது. அனந்தன் நாயரின் நினைவிலோ எதுவும் வரிசையில் நிற்பதில்லை. முன்னது பின்னதாகவும் பின்னது முன்னதாகவும் வருகிறது. இவை இரண்டு வெவ்வேறு திறன்கள். இரண்டையும் ஒன்றென்று எண்ணுவதால்தான் பேச வேண்டிய பிள்ளைகளை மேடையில் ஓத வைக்கிறோம். கூட்டத்தில் விளக்கம் தர வேண்டிய ஊழியர் எழுதியதை ஒப்பித்துவிட்டு இறங்குகிறார். இந்தக் குழப்பம் தீர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த இரண்டு நினைவுகளின் வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துச் சொன்னவர்களில் முதன்மையானவர் பிரெஞ்சுத் தத்துவவாதி ஆன்றி பெர்க்சன். 1896-இல் வெளிவந்த தன் நூலில் அவர் எடுத்துக்கொண்டதே ஒரு பாடத்தை மனப்பாடம் செய்யும் காட்சிதான். பாடத்தைப் பத்துத் தடவை படித்தபின் அது வாயில் தானாக வருகிறது. அப்படி வரும் பாடத்துக்குத் தேதி கிடையாது. அது நடை, நீச்சல் போல ஒரு பழக்கம். ஆனால் மூன்றாவது தடவை படித்தபோது என்ன நடந்தது என்று நினைத்துப் பார்த்தால், அது ஒரு நாளில் ஓர் இடத்தில் ஒரே ஒருமுறை நிகழ்ந்த சம்பவம். அதை யாரும் பயிற்சி செய்து கற்கவில்லை. 1972-இல் எண்டல் டல்விங் என்ற உளவியலாளர் நிகழ்ச்சிகளின் நினைவையும் பொது அறிவின் நினைவையும் தனித்தனியாகப் பிரித்தார். பின்னாளில் அவர் ஆராய்ந்த கனடா நாட்டு நோயாளி ஒருவர் அந்தப் பிரிவுக்குச் சான்றானார். 1981-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளையில் அடிபட்ட அவருக்குத் தன் வீட்டு அமைப்பு தெரியும், சதுரங்கம் ஆடத் தெரியும், பள்ளியில் படித்த விவரங்கள் தெரியும். ஆனால் தன் வாழ்வில் நடந்த ஒரு சம்பவத்தைக்கூட அவரால் மறுபடி மனத்தில் கொண்டுவர முடியவில்லை. ஒன்று அழிந்தும் மற்றொன்று நிற்கிறது என்றால், இரண்டும் ஒரே ஏற்பாட்டின் வேலை என்று சொல்வதற்கில்லை.

இனி சொற்களை மனம் எப்படி நடத்துகிறது என்று பார்ப்போம். 1967-இல் ஜாக்குலின் சாக்ஸ் என்ற ஆய்வாளர் செய்த சோதனை எளிமையானது. தொலைநோக்கி கண்டுபிடிக்கப்பட்ட கதையைப் போன்ற சிறு பகுதிகளைக் கேட்கச் செய்தார். இடையில் வந்த ஒரு வாக்கியத்தை, அது முடிந்தவுடனேயோ சிறிது நேரம் கழித்தோ மறுபடி சொல்லி, இது அப்படியே வந்ததா அல்லது மாறியிருக்கிறதா என்று கேட்டார். உடனே கேட்டபோது சொல்லமைப்பில் இருந்த சிறு மாற்றத்தையும் கண்டுபிடித்தார்கள். ஆனால் 80 அசைகள் அளவுக்கு, அதாவது சுமார் அரை நிமிடம், கதை மேலே சென்ற பின்னர் கேட்டபோது, செய்வினை செயப்பாட்டுவினையாக மாறியது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. பொருள் மாறியிருந்தாலோ பெரும்பாலோர் கண்டுகொண்டார்கள். அரை நிமிடத்தில் மனம் பொருளை எடுத்துக்கொண்டு சொல்லைக் கைவிட்டுவிடுகிறது. சோம்பலால் அல்ல; மொழியைப் புரிந்துகொள்வது என்பதே அதுதான். சொன்னவர் சொன்ன சொல்லை வைத்துக்கொண்டிருப்பதைவிட அவர் சொல்லவந்ததைப் பிடித்துக்கொள்வது வாழ்க்கைக்கு உதவுகிறது. இந்த இயல்பை எதிர்த்து நின்றால்தான் ஒரு பத்தியை வரி பிசகாமல் நினைவில் வைக்க முடியும். அந்த எதிர்ப்புக்கு விலை உண்டு.

அனுபவ நினைவுக்கும் ஒரு குறை இருக்கிறது. அது உள்ளதை உள்ளபடி பதிந்துவைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுகிறது. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஃபிரடெரிக் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட நூலில், அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை ஆங்கிலேயர்களுக்குப் படிக்கக் கொடுத்துப் பின்னர் சொல்லச் சொன்ன சோதனைகள் இருக்கின்றன. நாளாக ஆகக் கதையில் புரியாதவை உதிர்ந்தன. அன்னியமானவை தங்களுக்குப் பழகியவையாக மாறின. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்த செய்தி அமெரிக்காவையே உலுக்கியது. மறுநாள் காலை உல்ரிக் நைசர், நிக்கோல் ஹார்ஷ் ஆகிய இருவரும் மாணவர்களிடம், செய்தியை எங்கே, யார் சொல்லிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கினார்கள். இரண்டரை ஆண்டுகள் கழித்து அவர்களில் 44 பேரிடம் மறுபடி கேட்டார்கள். 11 பேர் சொன்னதில் ஒன்றுகூடப் பழைய பதிலோடு ஒத்துப்போகவில்லை. ஆனாலும் பலர் தங்கள் நினைவை உறுதியாக நம்பினார்கள். தங்கள் கையெழுத்தையே காட்டியபோதும் பழைய நினைவு திரும்பி வரவில்லை. ஆக, அனுபவ நினைவில் உயிர்ப்பு உண்டு, துல்லியம் உறுதியில்லை. வாய்ப்பாட நினைவில் துல்லியம் உண்டு, வளைந்துகொடுக்கும் தன்மை இல்லை. ஒன்றின் பலம் மற்றொன்றின் பலவீனம்.

அப்படியானால் வேதம் எப்படி மாறாமல் நிற்கிறது என்ற கேள்வி எழும். இந்த இடத்தில்தான் நம் மரபு நமக்குக் கற்றுத்தர வேண்டியது மிகுதி. வேத பாடசாலையில் ஆசிரியர் ஒருமுறை சொல்ல மாணவர்கள் திரும்பச் சொல்லுவது சந்தை. கற்றதைப் பலமுறை உருப்போடுவது திருவை. முழு வாக்கியத்தைப் படித்த பிறகு, சொற்களைத் தனித்தனியே பிரித்துச் சொல்லும் பதம் வருகிறது. பின்னர் முதற் சொல்லையும் இரண்டாவதையும், இரண்டாவதையும் மூன்றாவதையும் இணைக்கும் கிரமம். அதன்பின் இரண்டு சொற்களை முன்னும் பின்னும் முன்னுமாக மடக்கும் ஜடை. அதற்கும் மேலே, மூன்று சொற்களைப் பின்னிப் பின்னிச் சொல்லும் கனம். அதை முடித்தவர் கனபாடிகள். ஒவ்வொரு சொல்லும் தன் அண்டைச் சொற்களோடு இப்படிப் பல கோணங்களில் கட்டப்படுவதால் ஒன்று நழுவினால் மற்றொன்று பிடித்துக்கொள்கிறது. இதற்கு மேல் உதாத்தம், அனுதாத்தம் என்ற ஸ்வரக் கட்டு. நம்பூதிரி மரபில் அதற்கான கை முத்திரைகள். கூட ஓதுபவர்களின் குரல். பிழை விட்டால் அந்த நொடியே திருத்தும் ஆசிரியர். சிறு வயதில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் நடக்கும் பயிற்சி இது. 2003-இல் யுனெஸ்கோ வேதம் ஓதும் மரபை மனித குலத்தின் வாய்மொழிச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தபோது, அந்த மதிப்பு நூலுக்கு மட்டும் அல்ல, அதைக் காத்த இந்த ஏற்பாட்டுக்கும் சேர்த்துத்தான்.

கீர்த்தனையும் இதே விதியின்படிதான் நிற்கிறது. நீலகண்ட சிவனின் ‘ஆனந்த நடமாடுவார்’ பாடலைப் பாடுபவருக்கு ராகமும் தாளமும் அடுத்த சொல்லைச் சொல்லித் தருகின்றன. தவறான சொல் தாளத்தில் உட்காராது, எதுகை அதை வெளியே தள்ளிவிடும். கேரளத்தின் அட்சரசுலோகப் போட்டியில் ஒருவர் சொன்ன சுலோகத்தின் மூன்றாம் அடி எந்த எழுத்தில் தொடங்குகிறதோ, அந்த எழுத்தில் தொடங்கும் சுலோகத்தை அடுத்தவர் சொல்ல வேண்டும். நூற்றுக்கணக்கான சுலோகங்கள் ஓர் எழுத்தைத் தொட்டவுடன் வருகின்றன என்றால், அதற்குக் காரணம் யாப்பு அவற்றைக் கட்டிவைத்திருப்பதுதான். வாய்மொழி மரபுகளை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் டேவிட் ரூபின் 1995-இல் எழுதிய நூலில் வந்தடைந்த முடிவும் இதை ஒட்டியதே: சந்தம், ஒலி, பொருள், காட்சி என்று பல கட்டுகள் சேர்ந்து ஒவ்வொரு இடத்திலும் வரக்கூடிய சொற்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுகின்றன, நினைவு நிற்பது அந்தக் கட்டுகளின் கூட்டுப் பலத்தால்.

இப்போது ஒரு பேச்சுப் போட்டிக்கோ அலுவலக விளக்கக் கூட்டத்துக்கோ தயாராகிறவரைப் பார்ப்போம். அவர் கையில் இருப்பது உரைநடை. அதில் எதுகை இல்லை, தாளம் இல்லை, ஸ்வரம் இல்லை, கூட ஓதுவோர் இல்லை. ஒரு வாக்கியத்திலிருந்து அடுத்த வாக்கியத்துக்குப் போக அவருக்குள்ள ஒரே வழி, முன்னதன் கடைசிச் சொல். கனபாடிகளுக்குச் சொல்லைச் சுற்றிப் பல கயிறுகள். இவருக்கு ஒரே நூல். அது அறுந்தால் பேச்சு நிற்கிறது. மறுபடி தொடங்க முதல் வரிக்கே ஓட வேண்டியிருக்கிறது. நூல் அறாமல் போனாலும் இழப்பு உண்டு. அடுத்த சொல் என்ன என்பதிலேயே கவனம் முழுவதும் கட்டுண்டிருப்பதால் எதிரே இருப்பவர்களின் முகம் கண்ணில் படுவதில்லை. ஒரு கேள்வி வந்தால் கட்டு கலைகிறது. தயாரிக்கும் முறையும் ஏமாற்றக்கூடியது. ரோடிகர், கார்ப்பிக் ஆகிய இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள்; ஒரு வாரம் கழித்து நடந்ததில், ஒருமுறை படித்துவிட்டு ஏட்டை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். திரும்பப் படிப்பது தெரிந்துவிட்டது என்ற நம்பிக்கையைத் தருகிறது, தெரிந்ததைத் தருவதில்லை.

பேச்சுக்கு உதவக்கூடியது, பொருளையும் நிகழ்வையும் பிடித்துக்கொள்ளும் அந்த இயல்பான நினைவுதான். நடிகர்கள் வரி பிசகாமல் பேச வேண்டியவர்கள். அவர்கள்கூட உருப்போடுவதில்லை என்பதை அமெரிக்காவின் ஹெல்கா நோய்ஸ், டோனி நோய்ஸ் தம்பதியரின் ஆய்வுகள் காட்டின. இந்தப் பாத்திரம் ஏன் இதை இப்போது சொல்கிறது, எதிரே நிற்பவரிடமிருந்து என்ன வேண்டுகிறது என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்டுக்கொண்டு போகிறார்கள். வசனம் பெரும்பாலும் அந்தத் தேடலின் துணைவிளைவாகப் படிகிறது. நடந்துகொண்டே சொன்ன வரிகள் நின்றுகொண்டு சொன்னவற்றைவிட நன்றாக நினைவில் நின்றன. அதாவது, சொல்லை அனுபவமாக மாற்றிவிடுகிறார்கள். நம் பக்கத்தில் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரைச் சொல்லலாம். அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நாகர்கோவில் கோட்டாற்றுக்காரரான அவர், 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில், ஒரே நேரத்தில் நூறு செய்திகளில் கவனம் வைக்கும் சதாவதானம் நிகழ்த்தினார். இந்தக் கவனகக் கலையில் யார் என்ன கேட்டார், எங்கே விட்டோம் என்ற ஒழுங்கு நினைவில் இருக்க வேண்டும்; கேட்டவருக்குத் தரும் வெண்பாவோ அந்த இடத்தில்தான் பிறக்க வேண்டும். ஒழுங்கை நினைவில் வை, சொல்லை அப்போது உண்டாக்கு என்பதே அந்தக் கலை. கேரளப் பள்ளிக் கலோத்சவத்திலும் பத்யம் சொல்லல் ஒரு போட்டி, பிரசங்கம் வேறு போட்டி. முன்னதற்குக் கவிதையை வீட்டிலேயே பாடம் பண்ணி வரலாம். பின்னதற்குத் தலைப்பே மேடையேறுவதற்குச் சற்று முன்தான் கையில் கிடைக்கும். இரண்டும் வேறு வேறு என்பதை அந்தப் போட்டி விதி அறிந்திருக்கிறது.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு: மனப்பாடம் நினைவாற்றலை வளர்க்கும், ஆகவே பேச்சை உருப்போடுவது வீண் போகாது. இந்த நம்பிக்கையை வில்லியம் ஜேம்ஸ் தன்மேலேயே சோதித்துப் பார்த்து 1890-இல் எழுதினார். விக்டர் ஹியூகோவின் நெடுங்கவிதையில் 158 வரிகளைப் படித்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். பிறகு மில்டனின் காவியத்தில் ஒரு பகுதியை நாள்தோறும் மனப்பாடம் செய்து பழகினார். பழகிய பின் ஹியூகோவின் அடுத்த 158 வரிகளுக்கு முன்னைவிட அதிக நேரமே ஆனது. 1980-இல் எரிக்சனும் சேசும் வெளியிட்ட ஆய்வில் ஒரு கல்லூரி மாணவர் நீண்ட பயிற்சியால் ஒருமுறை கேட்ட 79 இலக்கங்களைத் திரும்பச் சொல்லும் அளவுக்கு முன்னேறினார். எண்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தபோது ஆறேழுக்குமேல் அவரால் சொல்ல முடியவில்லை. பயிற்சி எதில் செய்தோமோ அதில் மட்டும் பலன் தருகிறது. வேத பண்டிதர்களின் மூளை பற்றிய ஆய்வு ஒன்றை இதற்கு எதிராகக் காட்டுவார்கள். 2016-இல் வெளியான அந்த ஆய்வில், யஜுர்வேதம் கற்ற 21 பண்டிதர்களுக்கு நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் பகுதி உட்படப் பல இடங்களில் மூளைத் திசு மற்றவர்களைவிட மிகுந்திருந்தது உண்மை. ஆனால் அது ஆண்டுக்கணக்கான அத்யயனத்தின் பின் எடுத்த படம். பயிற்சிக்கு முன் எடுத்த படம் இல்லாததால், எது காரணம், எது விளைவு என்று அறுதியிட அந்த ஆய்வால் முடியாது. நான்கு நாளில் உருப்போட்ட இரண்டு பக்கப் பேச்சு அந்த மாற்றத்தைத் தரும் என்று அதிலிருந்து தேற்றிக்கொள்ள எந்த வழியும் இல்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது: சில இடங்களில் சொல் மாறினால் பொருளே கெடும். குறளை நம் வசதிக்கு மாற்றிச் சொல்ல முடியுமா? சட்டப் பிரிவையும் மருந்தின் அளவையும் உத்தேசமாகச் சொல்லலாமா? கூடாது. மனப்பாடத்தை வேண்டாம் என்று சொல்வதல்ல என் வாதம். 1330 குறளையும் ஒப்பிக்கும் மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு பரிசு தருவது நல்ல ஏற்பாடு. யாப்பால் கட்டிய சொல் உள்ளே போனால் அது ஆயுள் முழுவதும் துணை. அர்த்தம் இருபது வருடம் கழித்து விளங்கினாலும் அப்போது எடுத்துக்கொள்ள உள்ளே இருக்கிறது. என் வாதம், மனப்பாடம் எதற்குத் தகுமோ அதற்கு மட்டும் அதைச் செலவிட வேண்டும் என்பதே. குறள், கீர்த்தனை, மந்திரம், சூத்திரம், முக்கியமான எண் ஆகியவற்றைச் சொல் பிசகாமல் வைத்துக்கொள்வோம். இவற்றை இணைக்கும் விளக்கத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வோம்.

மூன்றாவது மறுப்பு, கூச்சமுள்ள பிள்ளைகளின் பக்கமிருந்து வருகிறது. திருவனந்தபுரத்தின் கரமனை, சாலை ஆகிய பகுதிகளில் தமிழை வீட்டில் பேசி, மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் படிக்கும் பிள்ளைகள் பலர். அவர்களுக்கு மேடைத் தமிழ் எளிதில் வராது. பெரியவர் ஒருவர் எழுதிக் கொடுத்ததை உருப்போட்டால்தான் நான்கு வார்த்தை பேச முடியும் என்பார்கள். முதல் மேடைக்கு அந்த ஊன்றுகோல் இருக்கட்டும். ஆனால் அதையே வழக்கமாக்கினால் பிள்ளைக்கு மிஞ்சுவது, இன்னொருவர் தமிழைத் தன் வாயில் சுமந்த நினைவும் நடுவில் மறந்துவிடுமோ என்ற பயமும்தான். தனக்குத் தெரிந்த தமிழில், கொச்சையாகவே ஆனாலும், ஆற்றங்கரையைப் பற்றியோ பொங்காலைத் திருவிழாவைப் பற்றியோ மூன்று நிமிடம் பேசிய பிள்ளைக்குத் தான் பேசினோம் என்ற அனுபவம் கிடைக்கிறது. அந்த அனுபவமே அடுத்த பேச்சுக்கு முதல். மொழி, பேசப் பேசத்தான் திருந்துகிறது. ஒப்பித்துத் திருந்திய மொழி அந்த ஒப்பிப்போடு முடிந்துபோகிறது.

நான்காவது மறுப்பு நான் மேலே சொன்னதிலிருந்தே எழுகிறது: அனுபவ நினைவு இவ்வளவு பிசகக்கூடியது என்றால், அதை நம்பிப் பேசுவது ஆபத்தில்லையா? ஆபத்துதான், சரிபார்க்காமல் பேசினால். சேலஞ்சர் ஆய்வு தரும் பாடம், தெளிவாக நினைவிருக்கிறது என்பது உண்மைக்குச் சான்றாகாது என்பது. எனவே ஆண்டு, பெயர், தொகை, பிறர் சொன்ன சொல் எல்லாம் ஒரு சிறு தாளில் இருக்க வேண்டும். பேசுபவர் அதைப் பார்த்துச் சொல்வதில் குறைவொன்றும் இல்லை. சாட்சி சொல்பவருக்கும், பழைய கதை சொல்லும் தாத்தாவுக்கும், போராட்டத்தை நினைவுகூரும் தொண்டருக்கும் இது பொருந்தும். வார்த்தை பிசகாமல் ஒப்பிக்கிறார் என்பதற்காக ஒருவரை நம்புவதும், முன்பின் முரணாகச் சொல்கிறார் என்பதற்காக ஒருவரைப் பொய்யர் என்பதும் இரண்டும் தவறு. நடந்ததை நினைவிலிருந்து சொல்பவரின் சொற்கள் மாறத்தான் செய்யும். ஒரு சொல்கூட மாறாத சாட்சியம்தான் யாரோ பாடம் சொல்லிக் கொடுத்தது என்ற ஐயத்தை எழுப்ப வேண்டும்.

நடைமுறையில் இது எளிது. பேச வேண்டியவர் முதலில் தான் சொல்லவந்த ஒரே செய்தியை ஒரு வரியில் தனக்குச் சொல்லிப் பார்க்கட்டும். அதற்கு வழிநடத்தும் நான்கைந்து படிகளை வரிசைப்படுத்தி, இந்தப் படிக்குப் பின் ஏன் அந்தப் படி என்ற காரணத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். ஏட்டை மூடிவிட்டு அம்மாவிடம் ஒருமுறை, நண்பரிடம் ஒருமுறை, ஒன்றும் தெரியாத அடுத்த வீட்டுக்காரரிடம் ஒருமுறை சொல்லட்டும். மூன்று முறையும் சொற்கள் வேறாக இருந்தால் தயாரிப்பு சரியாகப் போகிறது என்று பொருள். தொடக்க வாக்கியம், முடிவு வாக்கியம், மேற்கோள் ஆகிய மூன்றை மட்டும் மனப்பாடம் செய்யட்டும். பள்ளிகளும் தங்கள் பங்கைச் செய்யலாம். ஒப்புவித்தல் போட்டியையும் பேச்சுப் போட்டியையும் தனித்தனியாக நடத்தி, பேச்சுப் போட்டியில் நடுவர்கள் ஒரேயொரு கேள்வியாவது கேட்டுப் பதிலுக்கும் மதிப்பெண் இட்டால், எழுதிக் கொடுத்து ஒப்பிக்கச் செய்யும் பழக்கம் நாளடைவில் தானே மறையும். வேதத்தை இத்தனை நூற்றாண்டு எழுத்துப் பிசகாமல் காத்தவர்கள் அதற்காக இளமையை முழுவதும் கொடுத்தார்கள், ஊரே அவர்களைத் தாங்கியது. அந்த உழைப்பை உண்மையாக மதிப்பவர்கள் அதன் மேற்தோற்றத்தை மட்டும் எடுத்து ஒரு வாரப் பேச்சுக்குப் போர்த்த மாட்டார்கள். ஓத வேண்டியதை முறையாக ஓதக் கற்றுக்கொடுப்போம். பேச வேண்டியதைப் பிள்ளைகள் தாங்களே பேச விடுவோம்.